இடப்பள்ளியின் இரண்டு கவிஞர்கள்
(‘ரமணன்’ காவியம் குறித்துச் சில எண்ணங்கள்)

ஆலுவாவிலிருந்து மெட்ரோ ரயிலில் எறணாகுளம் வருகிறவர்கள், இடப்பள்ளியைத் தாண்டியதும் அடுத்த நிலையத்தின் பெயர் அறிவிக்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். ‘சங்ஙம்புழ பார்க்’. 2017-இல் இந்த ரயில் ஓடத் தொடங்கிய புதிதில், நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றுடன் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் என்னிடம், “அங்கிள், இது என்ன பார்க்? ராட்டினம் எல்லாம் இருக்குமா?” என்று கேட்டான். “இல்லப்பா, இது ஒரு கவிஞரோட பேரு” என்றேன். “ஓ” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெட்டியிலிருந்த பெரியவர்களிலும் பாதிப்பேருக்கு அதற்குமேல் தெரிந்திருக்காது.

மலர்க்குழுவினர் இந்த ஆண்டு கட்டுரை கேட்டபோது எனக்கு அந்தப் பையனின் நினைவுதான் வந்தது. திருக்குறளிலும் கம்பனிலும் எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோறு போடும் இந்த ஊரின் இலக்கியத்தில், என்னைப் பாதித்த ஒரு நூலைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அது ஒரு கவிஞன் தன் நண்பனான இன்னொரு கவிஞனின் சாவைப் பாடிய நூல். அதை நான் நெடுங்காலம் தப்பாகப் படித்தேன். அந்தத் தப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இரண்டு நண்பர்கள்

இடப்பள்ளி இன்று பெரிய வணிக வளாகமும் மேம்பாலமுமாக மாறிவிட்டது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கோயிலும் குளமும் தென்னந்தோப்புமாக இருந்த கிராமம். அங்கே இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கவிஞர்கள் பிறந்தார்கள். 1909-இல் ராகவன் பிள்ளை. 1911-இல் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை. இருவரும் ஏழைக் குடும்பத்தினர். இருவரும் சிறு வயதிலேயே எழுதத் தொடங்கி நண்பர்களானவர்கள். மலையாள இலக்கிய வரலாற்றில் இவர்களைச் சேர்த்து ‘இடப்பள்ளிக் கவிகள்’ என்றே சொல்வார்கள்.

ராகவன் பிள்ளை வசதியான ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவருக்கும் அன்பு ஏற்பட்டது. கையில் காசில்லாத வாத்தியாருக்குப் பெண் கொடுப்பார்களா? ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம் போனார், பிறகு கொல்லம் போனார். அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் திருமணம் என்ற செய்தி வந்தது. 1936 ஜூலையில், கொல்லத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது இருபத்தேழு. ‘துஷாரஹாரம்’, ‘நவசௌரபம்’, ‘மணிநாதம்’ முதலிய சில தொகுதிகளே அவர் விட்டுச்சென்ற சொத்து.

நண்பனின் சாவுச் செய்தி கேட்ட சங்ஙம்புழ முதலில் ‘தகர்ந்த முரளி’ என்ற இரங்கற்பாவை எழுதினார். உடைந்த புல்லாங்குழல் என்று பொருள். அதோடு அவர் மனம் ஆறவில்லை போலும். அதே 1936-இல் ‘ரமணன்’ வெளிவந்தது. அப்போது சங்ஙம்புழவுக்கு வயது இருபத்தைந்து. அந்த ஒரு நூல் மலையாளக் கவிதையின் போக்கையே மாற்றிவிட்டது. அச்சாகி அச்சாகி விற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பிறர் பாடக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். கெடாமங்கலம் சதானந்தன் அதைக் கதாபிரசங்கமாக்கி ஆயிரக்கணக்கான மேடைகளில் பாடினார். நம் வில்லுப்பாட்டும் காலட்சேபமும் கலந்ததுபோன்ற கலை அது. 1967-இல் பிரேம் நசீரும் ஷீலாவும் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. சங்ஙம்புழவும் நெடுநாள் வாழவில்லை. 1948-இல் காசநோய்க்குப் பலியானார். வயது முப்பத்தாறு.

காவியத்தின் கதை

கதை மிக எளிது. ரமணன் ஆடு மேய்க்கும் ஏழை இளைஞன், அருமையாகப் பாடுகிறவன். மதனன் அவனுடைய தோழன், அவனும் இடையன். சந்திரிகா செல்வர் வீட்டுப் பெண். அவளுடைய தோழி பானுமதி. ரமணனின் பாட்டில் மயங்கிச் சந்திரிகா அவனை விரும்புகிறாள். ரமணன் தயங்கியே அந்த அன்பை ஏற்கிறான். பெற்றோர் அவளுக்குத் தகுதியான இடத்தில் திருமணம் பேசுகிறார்கள். அவள் தடுமாறி, கடைசியில் அவர்கள் பக்கம் சாய்கிறாள். ரமணன் நிலவொளியில் காட்டில் நின்று தன் நெஞ்சைக் கொட்டிவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவன் உடலைக் கண்டு மதனன் கதறுகிறான்.

இதில் ரமணன் யார், மதனன் யார் என்று அன்றைய வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நூல் நாடக வடிவில், பாத்திரங்களும் பாடகர் குழுவும் மாறி மாறிப் பாடுவதாக அமைந்தது. திராவிடச் சந்தங்களில் எழுதப்பட்டதால் நம் காதுக்கு அந்நியமாகவே தோன்றாது. வாய்விட்டுப் படித்தால் நாட்டுப்பாட்டின் துள்ளல் தெரியும். மலையாளம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே முதல் வாசிப்பில் பாதி மனப்பாடமாகிவிட்டது என்றால் பாருங்களேன்.

இடப்பள்ளியில் ஏது இடையன்?

ஒரு கேள்வி எழலாம். காயலும் தென்னையுமாக இருக்கும் இந்தக் கரையோரத்தில் ஆட்டு மந்தையும் புல்லாங்குழலும் எங்கிருந்து வந்தன? வாத்தியார் வேலை பார்த்த கவிஞனை எதற்காக இடையனாக்க வேண்டும்?

இது மேற்கிலிருந்து வந்த மரபு. கிரேக்கக் கவிஞர் தியோக்ரிடஸ் காலத்திலிருந்து, இறந்த பாடகனை இடையனாக உருவகித்து, சக இடையர்கள் அவனுக்காக அழுவதாகப் பாடும் வழக்கம் உண்டு. தன்னோடு கேம்பிரிட்ஜில் படித்த எட்வர்ட் கிங் 1637-இல் கடலில் மூழ்கி இறந்தபோது மில்டன் ‘லிசிடஸ்’ எழுதினார். 1821-இல் கீட்ஸ் ரோமில் இறந்தபோது ஷெல்லி ‘அடோனிஸ்’ எழுதினார். மலையாளத்தில் இரங்கற்பாக்களுக்குக் குறைவில்லை. குமாரன் ஆசான் தன் மதிப்புக்குரிய ஏ.ஆர். ராஜராஜ வர்மாவின் மறைவுக்கு 1919-இல் ‘ப்ரரோதனம்’ எழுதியிருந்தார். ஆனால் இந்த இடையர் மரபை முழுமையாக எடுத்துக்கொண்டு மலையாளத்தில் வெற்றி கண்டது ‘ரமணன்’தான். ‘ஆரண்யக விலாப காவியம்’ என்று மலையாள விமர்சகர்கள் இதை அழைப்பார்கள்.

இந்த மரபின் நன்மை என்ன? நண்பனின் சாவைப் பச்சையாகச் சொன்னால் அது பத்திரிகைச் செய்தியாகிவிடும், ஊர் வம்பாகவும் ஆகிவிடும். ராகவன் பிள்ளையின் கதை ஊருக்கே தெரிந்த கதை. சம்பந்தப்பட்ட குடும்பம் உயிரோடு இருந்தது. இடையன் வேடம் போட்டபிறகு துக்கம் தனிமனிதனைத் தாண்டிப் பொதுவாகிறது. காதலில் தோற்ற எவனும், நண்பனை இழந்த எவனும் தன் கதையை அதற்குள் வைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கானோர் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இறந்தவனுக்காக அழுகிறவன் மனசு உடனே ஒரு கேள்விக்குப் போகும். ‘இவனைக் கொன்றது யார்?’ நம் வீடுகளில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரைத் திட்டுவோம், மருமகளைத் திட்டுவோம், நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனவரின் கண்ணைக்கூடத் திட்டுவோம். கவிஞர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. கீட்ஸைக் கொன்றது காசநோய். அவருடைய தம்பி டாமையும் 1818-இல் அதே நோய்தான் கொண்டுபோனது. ஆனால் ஷெல்லி தம் காவியத்தில், கீட்ஸின் கவிதையைக் கடுமையாகத் தாக்கி எழுதிய பத்திரிகை விமர்சகனையே கொலைகாரனாக நிறுத்தினார். அந்தப் பழி இன்றுவரை முழுதாக நீங்கவில்லை. சங்ஙம்புழ யாரை நிறுத்தினார்? சந்திரிகாவை.

லாட்ஜ் அறையில் ஒரு பாட்டு

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1978-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து எறணாகுளம் வந்தேன். பச்சாளத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். அறைக்கு மூன்று பேர். அவர்களில் ஒருவன் மதுரைப் பக்கத்துப் பையன். நல்ல குரல். அவன்தான் முதன்முதலில் எனக்கு ‘ரமணன்’ பாட்டுகளைப் பாடிக் காட்டினான். தமிழன் ஒருவன் மலையாளக் காவியத்தை அப்படிப் பாடுவதைக் கேட்க லாட்ஜின் கீழ்த்தளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

அவனுக்கு உடன் வேலை பார்த்த ஒரு பெண்ணின்மேல் விருப்பம். அவளுக்கும் இருந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் அறையில் அவளுக்குப் பெயர் ‘சந்திரிகா’. ராத்திரியானால் நண்பன் காவியத்தின் கடைசிப் பகுதியைப் பாடுவான். நாங்கள் சுற்றி உட்கார்ந்து, “பாடு மாப்ளே, பாடு” என்போம். பெண்களின் மனசையே சபலம் என்று பழிக்கும் அடிகள் அந்த நூலில் உண்டு. கேரளத்தில் பழமொழிபோலப் புழங்குபவை. அந்த இடம் வந்தால் எல்லோரும் சேர்ந்து பாடுவோம். அவனுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவனும் ரமணன் போன வழியில் போகப் பார்த்தான். பக்கத்து அறைக்காரர் தற்செயலாக வந்ததால் பிழைத்துக்கொண்டான். இன்று கோவையில் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறான். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து மேனகா பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைக் கணவரோடு பார்த்தேன். அவள் காதில் விழும்படி, “சந்திரிகா” என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய வீரம் செய்துவிட்டதுபோல நான் பஸ் ஏறினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு அதன்பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

மகள் கேட்ட கேள்வி

திருமணத்துக்குப் பிறகு இடப்பள்ளியிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு வந்தோம். மகள் இங்கேதான் படித்தாள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரையும்போல, தமிழ் பேசுவாள், மலையாளம் படிப்பாள். எனக்கோ மலையாளம் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 2005 வாக்கில், அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, ‘ரமணன்’ நூலை வாங்கி வந்து, “எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா” என்றேன். அதுவரை நான் பாட்டாகக் கேட்டதும் மனப்பாடமாகத் தெரிந்ததும்தான். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேட்டது அப்போதுதான்.

கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆடு மேய்க்கும் பாட்டு வந்தது. காட்டு நிழலில் தானும் துணைக்கு வர ஆசைப்பட்டுச் சந்திரிகா ரமணனிடம் கேட்கும் கட்டம். திரைப்படத்தில் இதைக் கேட்டு மயங்காதவர்கள் குறைவு. நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“அப்பா, கூட வர்றேன்னு கேட்டது அவதானே? வேண்டாம்னு சொன்னது யாரு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடிய பாட்டு. அதில் அவள் கேட்கிறாள், அவன் மறுக்கிறான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நயமாகத்தான் மறுக்கிறான். தம்மை மறந்து எதுவும் செய்துவிடக் கூடாது என்கிறான். நல்லவன்தான், பண்பானவன்தான். ஆனால் அவள் அரண்மனையைவிட்டு இறங்கி வரத் தயாராக நின்ற நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவளைத் திருப்பி அனுப்பியது அவன். பிறகு பெற்றோர் முன்னால் அவள் தனியாக நிற்கிறாள். உதவிக்குத் தோழி ஒருத்தி மட்டும். வீட்டை எதிர்த்து நிற்க ஒரு பெண்ணுக்கு 1936-இல் என்ன வழி இருந்தது? அப்படி நின்றாலும் எங்கே போவாள்? காட்டுக்கா? அங்கேதான் வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதே.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. நூலிலேயே இருக்கிறது. சங்ஙம்புழதான் எழுதியிருக்கிறார். அவருக்குள்ளிருந்த கவிஞன் உண்மையை எழுதிவிட்டான். அவருக்குள்ளிருந்த நண்பன்தான் தீர்ப்பை வேறுவிதமாக எழுதினான். சந்திரிகா தடுமாறும் இடங்களிலும் இதைக் காணலாம். செல்வத்துக்கும் சுகத்துக்கும் மயங்கியவளாக அவளைக் காட்டக் காவியம் முயல்கிறது. ஆனால் அந்தத் தடுமாற்றத்தைப் பொறுமையாகப் படித்தால், அச்சமும் அதற்குள் இருப்பது புரியும். மந்தையில் கலந்து நின்றுகொண்டு நாங்கள் சேர்ந்து பாடிய வசை அடிகள், அந்த அச்சத்தைக் கேட்கவிடாமல் செய்துவிட்டன.

இங்கே நம் புறநானூறு நினைவுக்கு வருகிறது. பாரி இறந்தபிறகு கபிலர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் உலக இலக்கியத்தின் எந்த இரங்கற்பாவுக்கும் குறைந்தவை அல்ல. பாரியைக் கொன்ற மூவேந்தர்களைக் கபிலருக்குத் தெரியும். ஆனாலும் அவர் பழி சொல்வதோடு நிற்கவில்லை. பாரி மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு மணம் முடித்துவைக்க விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். அவர்கள் மறுத்தார்கள் என்பது வேறு விஷயம். அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. தகப்பனை இழந்த அந்தப் பெண்களே பாடியதாக ஒரு பாடலையும் தொகுத்தவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் குரலும் நமக்குக் கேட்கிறது. ‘ரமண’னில் ரமணன் இறந்தபிறகு சந்திரிகாவின் அழுகை நமக்குக் கேட்பதில்லை. கடைசிக் குரல் மதனனுடையது. அவள் அழுதாளா என்றுகூட நமக்குத் தெரியாது.

ராகவன் பிள்ளை என்ன சொன்னார்?

எங்கள் வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர் ஒருவர் குடியிருந்தார். மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். மகள் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “ரமணனெ அறியாம். ராகவன் பிள்ளயெ அறியாமோ?” என்று கேட்டார். ரமணனைத் தெரியும், ராகவன் பிள்ளையைத் தெரியுமா என்கிறார். தெரியாது என்றேன். உள்ளே போய் ஒரு பழைய தொகுதியை எடுத்துவந்து கொடுத்தார். அதையும் மகள்தான் படித்துக் காட்டினாள்.

‘மணிநாதம்’ ராகவன் பிள்ளை சாவதற்குச் சற்று முன் எழுதியது. சாவின் மணியோசை காதில் விழ, உலகத்திடம் விடைபெறுவதாக அமைந்த கவிதை. உலகத்தை ஒரு நாடக மேடையாகவும், தன்னை அந்த மேடையைவிட்டு இறங்கும் நடிகனாகவும் பார்க்கிறார். படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ஆனால் அதன் தொனி குற்றச்சாட்டு அல்ல, சோர்வு. காதல் கைகூடாத துயரம் இருக்கிறது. அதோடு வறுமையின் களைப்பு இருக்கிறது, சிரித்துக்கொண்டே ஏமாற்றும் உலகத்தோடு ஒத்துப்போக முடியாத களைப்பும் இருக்கிறது. இதைப் படித்தபிறகு ‘ரமண’னுக்குத் திரும்பினால், காவியத்தின் ரமணன் எவ்வளவு எளிமையாக்கப்பட்டவன் என்று தெரிகிறது. உண்மை மனிதனுக்குப் பல காரணங்கள் இருந்தன. காவிய நாயகனுக்கு ஒரே காரணம், அதுவும் ஒரு பெண்.

இதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. உயிரை விடுகிற அளவுக்கு ஒருவன் போவதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது. காவியங்களும் சினிமாக்களும் ஒன்றைச் சொல்லி முடித்துவிடும். எங்கள் லாட்ஜ் நண்பனுக்கும் வேலை நிரந்தரமாகவில்லை, ஊரில் கடன் இருந்தது, தங்கை கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. பாட்டு மட்டும் கேட்டோம்.

சங்ஙம்புழவுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. ‘வாழக்குல’ என்ற அவருடைய புகழ்பெற்ற கவிதையைப் பாருங்கள். ஏழைப் புலையன் ஒருவன் குடிசை வாசலில் வாழை நடுகிறான். பழுக்கும் நாளுக்காகப் பிள்ளைகள் ஏங்கிக் காத்திருக்கிறார்கள். விளைந்த குலையை நிலவுடைமைக்காரன் கொண்டுபோய்விடுகிறான். அந்தக் கவிதையில் கவிஞரின் விரல் சரியான ஆளை நோக்கி நீள்கிறது. ‘ரமண’னிலும் அதே ஏழை, அதே செல்வர் வீடு. ஆனால் விரல் செல்வத்தை நோக்கிப் போகாமல், அந்த வீட்டிலேயே அதிகாரம் இல்லாத ஒருத்தியை நோக்கிப் போய்விட்டது. நண்பனின் உடல் ஆறுவதற்குள், சில மாதங்களில், இருபத்தைந்து வயதில் எழுதிய நூல் என்பதை நினைத்தால் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக நிதானமாகப் படித்துவரும் நமக்கு அந்தச் சலுகை இல்லை.

அப்படியானால் ‘ரமணன்’ குறைபட்ட நூலா?

இல்லை. அது பெரிய நூல். அதன் பெருமை எங்கே இருக்கிறது என்பதில்தான் என் கருத்து மாறியிருக்கிறது. முன்பு ரமணனின் கடைசிப் பேச்சே உச்சம் என்று நினைத்தேன். மேடைகளிலும் அதுதான் அதிகம் பாடப்படுகிறது. இப்போது மதனனின் அழுகையே உச்சம் என்று நினைக்கிறேன். உடன் ஆடு மேய்த்தவன், காலையில் வந்து பார்க்கும்போது தோழன் இல்லை. அவன் கதறலில் கோபம் இருக்கிறது, நியாயமில்லாத வசை இருக்கிறது, அதற்கெல்லாம் அடியில், தடுக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வும் இருக்கிறது. நண்பனை இழந்தவன் அப்படித்தான் பேசுவான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் பிழை. துக்கமாக எடுத்துக்கொண்டால் அதைவிட உண்மையான எழுத்து கிடையாது.

ஆகவே ரமணனாகத் தன்னை நினைத்துக்கொண்டு இந்த நூலைப் படிப்பதைவிட, மதனனாக நினைத்துக்கொண்டு படிப்பது நல்லது என்று இளைஞர்களுக்குச் சொல்வேன். நம் பக்கத்திலும் ஒரு ரமணன் இருக்கலாம். அவன் பாடும்போது கைதட்டுவதோடு நின்றுவிடாமல், “சாப்பிட்டியா, என்ன விஷயம், ஊருக்கு ஒருதடவ போயிட்டு வர்றியா” என்று கேட்கிறவன் வேண்டும். சந்திரிகாவாக நினைத்துப் படித்தாலும் நல்லதுதான். என் மகள் அப்படித்தான் படித்தாள்.

முடிக்கும்போது மீண்டும் அந்த ரயிலுக்கே வருகிறேன். சங்ஙம்புழவின் பெயரில் ஒரு நிலையம், ஒரு பூங்கா, இடப்பள்ளியிலேயே அவருடைய நினைவிடம் எல்லாம் இருக்கின்றன. மகிழ்ச்சி. அதற்கு முந்தைய நிலையத்தின் பெயர் வெறும் ‘இடப்பள்ளி’. ஆனால் இலக்கியத்தில் ‘இடப்பள்ளி’ என்ற ஊர்ப்பெயரையே தன் பெயராகச் சுமந்தவர் ராகவன் பிள்ளை. அந்தப் பெயர் ஒலிபரப்பாகும்போது நான் அவரையும் நினைத்துக்கொள்கிறேன். கூடவே, தலைகுனிந்து நின்ற ஒரு பெண்ணையும்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்கு மலையாளம் படிக்கத் தெரியும். இந்த விடுமுறையில் ‘ரமண’னையும் ராகவன் பிள்ளையின் கவிதைகளையும் சேர்த்து வாங்குங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். நீங்கள் புறநானூற்றைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்கட்டும். அவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். எனக்குக் கிடைத்ததுபோல உங்களுக்கும் ஒன்று கிடைக்கலாம்.